தனித்தனியாய் விலை சொல்லுங்கோ

தோர்ண்டன் ஹீத்தில் சுலோச்சனா அக்காவிடம் சாறிச் சட்டை தைக்க வரும் பெண்களின் கையில் இரண்டு பைகள் இருக்கும். ஒன்றில் துணி. மற்றதில் தொலைக்காட்சிக் கொம்பனி அனுப்பிய பில். அக்கா துணியைப் பிறகு பார்ப்பார். "முதல் உந்தக் கோதாரியைத் தாங்கோ" என்று பில்லுக்குத்தான் கை நீட்டுவார்.

மூக்குக்கண்ணாடிக்கு மேலால் ஒரு தரம், கீழால் ஒரு தரம் பார்த்துவிட்டு விசாரணையைத் தொடங்குவார்.

"பிலோமினம்மா, உங்களுக்குக் கோல்ஃப் விளையாடத் தெரியுமோ?"

"ஐயோ, இல்லைப் பிள்ளை."

"தூண்டில் போடுவீங்களோ?"

"மீன் கடையில வாங்கிறதோட சரி."

"அப்ப கோல்ஃப் சனலுக்கும் மீன்பிடிக்கிற சனலுக்கும் ஏன் மாசம் மாசம் காசு கட்டுறீங்கள்?"

பிலோமினம்மா பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பாவம், அந்த மனுசி கேட்டது ஒரேயொரு தமிழ்ச் சனல். அதோடு இணையம், வீட்டுத் தொலைபேசி, மகனுக்கு ஒரு கைபேசி, கோல்ஃப், மீன் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, பக்கேஜ் என்று பெயரும் வைத்து, அவர் தலையில் ஏற்றிவிட்டார்கள். 2009இல் இலண்டனில் எதைத் தொட்டாலும் பக்கேஜ்தான். ஒன்றை மட்டும் வாங்கினால் விலை அதிகம், மூன்றையும் சேர்த்து வாங்கினால் மலிவு என்பார்கள். ஆறு மாதம் கழித்து அந்த மலிவு எங்கே போனதென்று கேட்டால் பதில் சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார்கள். கொம்பனியின் பெயர் எதற்கு? அவர்களுக்கு விளம்பரம் செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

பக்கேஜ் மீது அக்காவுக்கு இருந்த கோபம் இலண்டனில் வந்ததல்ல. அவர் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டுப் பல வருடம் ஒல்லாந்தில் இருந்தவர். போன புதிதில் அங்கே சந்தையில் ஒருவன் பெட்டிமேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்திப் பழம் விற்றான். தோடம்பழம், ஆப்பிள், முந்திரிகை எல்லாம் கலந்து ஒரு பை. அக்கா சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் கொட்டிப் பார்த்தால், மேலே நாலு நல்ல பழம், கீழே முழுக்க அழுகல். அன்றைக்குப் பிடித்த பிடிதான். அதற்குப் பிறகு பொத்தான் வாங்கப் போனாலும் "ஒவ்வொண்டா விலை சொல்லு" என்பார்.

கணவர் கிருஷ்ணராசா இதற்கு நேர்மாறு. குழாய் வேலை செய்கிறவர். கேட்ட காசைக் கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டு வருவார். "சீதனம் எவ்வளவெண்டு ஒரு சொல்லுக் கேளாமல் என்னைக் கட்டின மனிசன். இவருக்கு விலை எப்பிடித் தெரியும்?" என்று அக்கா ஊர் முழுக்கச் சொல்லுவார். குறை சொல்வது போலத்தான் சொல்லுவார். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும்!

சண்டை நடக்கும் இடம் தையல் மெஷின் அடிதான். கொம்பனியில், விட்டுப் போகிறோம் என்று சொல்கிறவர்களை மறித்து வைப்பதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அக்கா நேரே அங்கேதான் எடுப்பார். தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு நூல்கட்டைகளுக்கு நடுவே நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பிறந்த திகதியைக் கேட்பார். அவ்வளவுதான். அடுத்த நிமிடம் அவரே பிலோமினம்மா. அடுத்த கிழமை அவரே செல்வமலர். அதற்கடுத்த கிழமை இம்மாகுலேற். ஆள் மாறினாலும் முதல் வசனம் மட்டும் மாறாது.

"வித் கிரேட் சாட்னஸ், மை டியர், ஐ ஆம் லீவிங் யூ."

அந்தச் சோகத்தைக் கேட்டால் யாரோ செத்துப்போனது மாதிரி இருக்கும். பிறகு தொலைக்காட்சி தனியே எவ்வளவு, இணையம் தனியே எவ்வளவு, தொலைபேசி தனியே எவ்வளவு என்று கேட்பார். அதன் பிறகு வாயை மூடிவிடுவார். அதுதான் வித்தை. மெஷின் மட்டும் டர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருக்கும். "நாங்கள் கதைச்சால் அவை விலை சொல்லுவினம். நாங்கள் கதையாமல் இருந்தால் அவை விலை இறக்குவினம்" என்பது அக்காவின் கண்டுபிடிப்பு. எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்த அமைதியைத் தாங்க ஏலாது. மாதத்துக்கு ஐந்து பவுண்ட்ஸ் குறைப்பார்கள். அக்கா ஒரு கையைத் தைத்து முடிப்பார். இணையம் பாதி விலை என்பார்கள். அக்கா மற்றக் கையையும் தைப்பார். கழுத்துப் பட்டி வருவதற்குள் கைபேசிக்கு மேலதிக நிமிடங்களும் சேர்ந்து கோல்ஃபும் மீனும் ஓடிப்போயிருக்கும்.

அந்தப் பகுதியில் டியா என்று ஒரு பிள்ளை இருந்தாள். மற்றவர்கள் வெடுக்கென்று பேசுவார்கள். டியா சிரித்துக்கொண்டு பேசுவாள். வேறு யாராவது எடுத்தால் அக்கா டக்கென்று வைத்துவிட்டு, டியா வரும்வரை திரும்பத் திரும்ப அடிப்பார். "வெள்ளைக்காரப் பிள்ளையெண்டாலும் என்ன தன்மை! தாய்க்காரி நல்லா வளர்த்திருக்கிறாள்" என்று வந்தவர்களிடம் மெச்சுவார்.

அந்த வருடத்தின் முற்பாதியில் மெஷின் ஓடவில்லை. ஊரில் போர் முடிந்த மே மாதம் வரைக்கும், அதற்குப் பிறகும் சில காலம், ஒருவரும் சட்டை தைக்கவுமில்லை, பில்லைப் பார்க்கவுமில்லை. எல்லா வீட்டிலும் தமிழ்ச் சனல் இரவு பகலாக ஓடியது. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாமல் சனம் அதன் முன்னால் அழுதபடி இருந்தது. சுலோச்சனா அக்காவும் அப்படித்தான் இருந்தார். இலையுதிர் காலம் வந்தபோதுதான் தள்ளிவைத்த கலியாணங்கள் ஒவ்வொன்றாய்த் தலைகாட்டின. முதல் சட்டைத்துணி வந்த அன்று அக்கா மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டார். கலியாணச் சட்டை தைக்க வேண்டும், சிரிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை ஆசையாக வந்தது.

அதோடு அவருடைய சொந்த ஆசையும் ஒன்று இருந்தது. ஒரே மகன் பிரவினுக்கு முப்பத்தொரு வயது. பார்த்த பெண்ணையெல்லாம் வேண்டாமென்று சொல்லி அம்மாவைக் களைக்கப் பண்ணியவன். அவன் கலியாணம் கட்டி, மருமகளோடு தங்கள் வீட்டு மேல்மாடியில் இருக்கவேண்டும். இதற்காக மேல் அறைக்குப் புதுக் கம்பளம் போட்டு, தானே திரைச்சீலையும் தைத்து வைத்துவிட்டார். அந்த நவம்பரில் பிரவின், தரகர் சொன்ன பெண்ணைக் குறொய்டனில் சந்தித்துக் கோப்பி குடித்துவிட்டு, விசில் அடித்துக்கொண்டு வந்தான். "அம்மா, இந்தப் பிள்ளை எண்டால் எனக்கு ஓம். நீங்கள் போய்க் கதையுங்கோ. ஆனா பிளீஸ், ஒண்டையும் குழப்பிப் போடாதேங்கோ" என்றான்.

"நான் ஏன்ரா குழப்புறன்?" என்றார் அக்கா. அன்று முழுக்க அவரும் விசில் அடிக்கப் பார்த்தார். வரவில்லை.

பெண் வீடு சட்டனில், தாயும் தகப்பனும் மகனுமாய்ப் போனார்கள். பெண்ணின் பெயர் துஷ்யா. தகப்பன் பத்மநாதன் அதிகம் கதைக்காத மனிதர். தாய் தவநாயகி அவருக்கும் சேர்த்துக் கதைப்பவர். வாசலில் அக்காவும் தவநாயகியும் கட்டிப்பிடித்து, காலநிலையையும் கோயிலையும் பற்றிக் கதைத்து, சோஃபாவில் இருக்கும்போதே பழைய சிநேகிதிகள் போலாகிவிட்டார்கள். பிரவினுக்கு உயிர் வந்தது.

அந்த நேரம் துஷ்யா தட்டில் தேநீரும் றோல்ஸும் கொண்டுவந்தாள். "வாங்கோ ஆன்ட்டி, வாங்கோ அங்கிள். சீனி எவ்வளவு?"

இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று அக்காவுக்குப் பட்டது. கோயிலிலா? ஏதாவது கலியாண வீட்டிலா? யோசித்தபடி ஒரு வாய் தேநீர் குடித்தார்.

"உதைப் பாருங்கோ" என்று தவநாயகி சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்த பட்டயத்தைப் பெருமையோடு காட்டினார். "பிள்ளைக்குக் கொம்பனி குடுத்தது. ரிவி, போன், இன்டர்நெட் எல்லாம் விக்கிற கொம்பனி. விட்டிட்டுப் போறன் எண்டு வாற ஆக்களைப் போகவிடாமல் மறிக்கிறதில இவள்தான் முதலாமிடம். ஒஃபிஸில பேரைச் சுருக்கி டியா, டியா எண்டு ஒரே புகழ்."

தேநீர் அக்காவின் தொண்டைக்குள் போகாமல் மூக்குக்குள் போனது.

இருமி முடித்து நிமிர்ந்தபோது உலகமே வேறாக இருந்தது. அட கடவுளே! வெள்ளைக்காரப் பிள்ளை இதோ மஞ்சள் சுடிதாரோடு எதிரே நிற்கிறாள். ஒரு சொல் வாய் திறந்தால் போதும், பிடித்துவிடுவாள். கண்டவர் பேரெல்லாம் தன் பேர் என்று சொல்லித் திரியும் மாமியாரின் வீட்டுக்கு எந்தப் பிள்ளை வருவாள்? பிரவினின் விசிலும், கம்பளமும், திரைச்சீலையும் கண்ணுக்கு முன்னால் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. வாயை மூடு சுலோச்சனா, என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மூடினார்.

"அக்கா, றோல்ஸ் எடுங்கோ" என்றார் தவநாயகி. அக்கா தலையாட்டினார்.

"பிள்ளையைப் பற்றி ஏதும் கேக்கிறதெண்டால் கேளுங்கோ." அக்கா சுவரைப் பார்த்தார்.

வாசலில் கலகலவென்று கதைத்த மனுசி இப்போது கல்லுப் போல இருக்கிறாரே என்று தவநாயகிக்குப் பயம் பிடித்தது. பிள்ளையைப் பிடிக்கவில்லையோ? ஓ, சீதனக் கதை வரவில்லை என்று பார்க்கிறாரோ? தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். "நாங்கள் இருவத்தைஞ்சு பவுண் நகை எண்டு நினைச்சிருக்கிறம்..."

அக்கா பேசவில்லை.

"முப்பதாக்கலாம். அதில ஒண்டும் இல்லை."

"சீச்சீ, நாங்கள் ஒண்டும் கேக்கேல்லையே" என்று கிருஷ்ணராசா பதறினார். ஆனால் தவநாயகியின் கண் அவரில் இல்லை. எந்த வீட்டிலும் யார் ஓம் சொல்லவேண்டியவர் என்பது பெண்களுக்குத் தெரியும்.

"மண்டபச் செலவு முழுக்க எங்கட" என்றார் தவநாயகி. அமைதி. "பிள்ளையளுக்கு ஒரு காரும் எடுத்துக் குடுப்பம்." அமைதி. பத்மநாதன் கோப்பையைத் தட்டில் வைத்த சத்தம் மட்டும் கேட்டது. பிரவின் அம்மாவைப் பார்த்த பார்வையில் தீப்பெட்டி தேவையில்லை.

தன் வித்தை தானாகவே வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. மெஷின் ஒன்றுதான் குறை. ஐயோ, நான் பேரம் பேசவில்லை, பயந்துபோய் இருக்கிறேன் என்று கத்தவேண்டும் போல இருந்தது. கத்தினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். கத்தாவிட்டால் இந்த மனுசி எங்கே போய் நிற்கப் போகிறாரோ? தவநாயகியின் விரல்கள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தன. துஷ்யா கதவடியில் தட்டை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"எங்களுக்கும் ஒரே பிள்ளைதானே. இந்த வீட்டில பாதியை வேணுமெண்டால்..." என்று தவநாயகி இழுத்தார்.

அதற்கு மேல் அக்காவால் முடியவில்லை. குரலாவது மண்ணாங்கட்டியாவது!

"தவநாயகி, நிப்பாட்டுங்கோ!" வீடு அதிர்ந்தது. "எனக்கு உந்தப் பக்கேஜ் ஒண்டும் வேண்டாம். தனித்தனியாச் சொல்லுறன், கேளுங்கோ. நகை வேண்டாம். கார் வேண்டாம். மண்டபத்தில பாதிச் செலவு எங்கட. வீடு உங்கட வீடு, அதில நீங்கள் இருங்கோ. என்னை ஒரு சதம் கேளாமல் கட்டின மனிசன் இந்தா இருக்கிறார், அவரின்ர மகனுக்கு நான் விலை பேச வரேல்லை. எனக்கு உங்கட பிள்ளை மட்டும் காணும்."

மூச்சு வாங்கியது அவருக்கு. துஷ்யா தட்டை மெதுவாக மேசையில் வைத்தாள். தலையைச் சரித்து, கண்ணைச் சுருக்கி, "வித் கிரேட் சாட்னஸ்?" என்றாள்.

அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"மிஸிஸ் பிலோமினா! மிஸிஸ் செல்வமலர்! மிஸிஸ் இம்மாகுலேற்! ஓ மை கோட், எல்லாம் நீங்கள்தானோ ஆன்ட்டி? எல்லாற்ற வீட்டிலயும் ஒரே மெஷின் சத்தம் கேக்கும். ஏதோ தையல் ஃபக்டரியில தமிழ் ஆன்ட்டிமார் கனபேர் வேலை செய்யினம், லஞ்ச் டைமில ஒவ்வொராளா எடுக்கினம் எண்டெல்லோ நான் நினைச்சன்!"

தவநாயகி ஒன்றும் விளங்காமல் மகளையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிரவின் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, சின்ன வயதிலிருந்து அந்தத் தாயோடு இருக்கிறவன் அல்லவா?

அக்கா எழுந்து சேலையைச் சரிசெய்தார். காதெல்லாம் சுட்டது. "இஞ்சாருங்கோ, எழும்புங்கோ, போவம். பிள்ளை, என்னை மன்னிச்சுக்கொள். அவையளுக்கு இங்கிலிஷ் கதைக்கப் பயம், அதாலதான் நான் கதைச்சனான். பிரவின் நல்ல பெடியன். என்னை வைச்சு அவனைப் பாக்காதை."

துஷ்யா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். முதுகை நிமிர்த்தினாள். வெளியே வந்தது டியாவின் குரல், தேன் போல. "நீங்கள் போறதைக் கேக்க எங்களுக்கு மிகவும் கவலையாயிருக்கு, மிஸிஸ் கிருஷ்ணராசா. போகாமல் இருக்க நாங்கள் என்ன செய்யலாம்?"

பத்மநாதன்தான் முதலில் சிரித்தார், அந்த அதிகம் கதைக்காத மனிதர். பிறகு கிருஷ்ணராசா. பிறகு வீடே சிரித்தது. துஷ்யா அக்காவின் கையைப் பிடித்துச் சட்டத்துக்கு முன்னால் கொண்டுபோனாள். "இது உங்களாலதான் ஆன்ட்டி. போறன் எண்டு சொல்லிப் போகாமல் நிண்ட ஆக்கள் ஆரின்ர கணக்கில கூடவோ அவைக்குத்தான் இது. நீங்கள் கொண்டுவந்த ஒராள்கூடப் போகேல்லை. வேற ஆக்கள் எடுத்தால் போனை வைச்சிட்டு என்னட்டத்தானே வருவீங்கள்!"

"எடி, நீ வெள்ளைக்காரி எண்டு நினைச்செல்லோ நான் உன்னை அவ்வளவு புகழ்ந்தனான்" என்றார் அக்கா. தவநாயகி புதிதாகத் தேநீர் ஊற்றினார். இந்த முறை அக்கா மூன்று றோல்ஸ் சாப்பிட்டார். பிரவினும் துஷ்யாவும் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். காரியம் கைகூடிவிட்டது என்று எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்த நேரத்தில்தான் துஷ்யா மறுபடி வாய் திறந்தாள்.

"ஆன்ட்டி, நானும் ஒண்டு சொல்லலாமோ?"

"சொல்லு பிள்ளை."

"எனக்கும் பக்கேஜ் வேண்டாம்." அவள் பகிடியாகத்தான் தொடங்கினாள், ஆனால் கண்ணில் பகிடி இல்லை. "பிரவினும் மேல்மாடி அறையும் சேர்ந்து வரும் எண்டு அவர் சொன்னவர். திரைச்சீலைகூடத் தைச்சாச்சாம். எனக்குப் பிரவின் மட்டும் காணும் ஆன்ட்டி. நாங்கள் பக்கத்தில ஒரு ஃபிளாட் பார்த்துத் தனிய இருக்கப் போறம். கோவியாதேங்கோ."

கோபிக்கவில்லை. ஆனால் சுலோச்சனா அக்கா பேசவுமில்லை. நீலப் பூப்போட்ட அந்தத் திரைச்சீலை அவர் கண்ணுக்குள் வந்து நின்றது. தனித்தனியாய் விலை சொல் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான், இந்தப் பிள்ளை சொல்வதில் எந்த இடத்தில் பிழை பிடிப்பது? பிழையே இல்லை. அதுதான் வலித்தது. கண் நிறைந்து வந்தது. தலையைக் குனிந்துகொண்டு தேநீர்க் கோப்பையைப் பார்த்தார்.

துஷ்யா கொஞ்ச நேரம் பொறுத்தாள். "ஞாயிற்றுக்கிழமையில மத்தியானச் சாப்பாட்டுக்குக் கட்டாயம் வருவம்" என்றாள்.

அக்கா மூக்கை உறிஞ்சினார்.

"வெள்ளிக்கிழமை வேலை முடியவும் வருவம். உங்களோட கோயிலுக்குப் போவம்."

அக்கா கோப்பையையே பார்த்தபடி இருந்தார். துஷ்யா காலை மாற்றி நின்றாள். "பேரப்பிள்ளையள் வந்தால் உங்களிட்டத்தான் விட்டிட்டு வேலைக்குப் போவன். அந்த ரூமை அவைக்கெண்டு வைச்சிருங்கோ. திரைச்சீலையைக் கழட்ட வேண்டாம்."

"ஓம்!" என்றார் சுலோச்சனா அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, துஷ்யாவை இழுத்து அணைத்து, இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது கிருஷ்ணராசாவின் வேலை வானுக்குள், பின்பக்கம் பிரவின், குழாய்த் துண்டுகளுக்கு நடுவே இருந்து விசில் அடித்துக்கொண்டு வந்தான். முன்னால் கிருஷ்ணராசா பெரிய தெருவில் வானை ஏற்றினார். பிறகு மனைவி பக்கம் திரும்பாமலே, மகனுக்குக் கேட்காதபடி கேட்டார்.

"சுலோ, கடைசியா அப்பிடித் தலையைக் குனிஞ்சு கொண்டிருந்தனீர். மெய்யா அழுதனீரோ, இல்லை உம்மட வழமையான வேலையோ?"

அக்கா சன்னலுக்கு வெளியே ஓடும் தெருவிளக்குகளைப் பார்த்தார். உதட்டோரத்தில் சிரிப்பு.

"வெள்ளிக்கிழமையும் வருவம் எண்டு அவள் சொல்லும்வரைக்கும் மெய்யாத்தான் அழுதனான். அதுக்குப் பிறகு, இன்னும் எவ்வளவு தூரம் இறங்குவாள் எண்டு பாப்பம் எண்டு இருந்தனான்."